அறுபதுக்கு ஆறு குறைவு

கஷ்டத்தை அளக்க முடியாது என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் அதிகம் பட்டிராதவர்கள். பட்டவர்கள் எல்லோரும் அளந்துதான் வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரனுடையதைவிடத் தன்னுடையது ஒரு பிடி கூடுதல் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே கிடையாது. அளவுகோல்தான் ஆளுக்கொன்று. நகரத்தின் வீட்டு ஒதுக்கீட்டு அலுவலகம் இந்தக் குழப்பத்தைத் தீர்க்க எல்லோருக்கும் பொதுவாக ஒரு படிவம் வைத்திருந்தது. அந்தப் படிவத்தை அட்டையில் சொருகிக்கொண்டு முப்பத்தோரு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கியவரை ஊரில் டேப்புக்காரர் என்பார்கள். சட்டைப்பையில் எப்போதும் ஐந்து மீட்டர் இரும்பு டேப் ஒன்று இருக்கும். அதன் பாரத்தால் அவருடைய சட்டைகள் எல்லாமே இடப்பக்கம் சற்றுத் தொங்கியிருக்கும்.

படிவத்தில் பதினான்கு கட்டங்கள். அறைக்கு எத்தனை பேர், கழிப்பறைக்கு எத்தனை மீட்டர், எத்தனை படி, சுவரில் எத்தனை சதுர மீட்டர் ஈரம், நடுப்பகலில் விளக்கில்லாமல் செய்தித்தாள் படிக்க முடியுமா முடியாதா என்று போய், பதினான்காவதாக நோய். மொத்தம் நூறு புள்ளி. அறுபது எடுத்தால் அரசாங்க வீடு. ஐம்பத்தொன்பது எடுத்தால் அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்கலாம். அழுகைக்கென்று கட்டம் இல்லாததால் யாராவது அழ ஆரம்பித்தால் டேப்புக்காரர் ஜன்னலை அளக்கப் போய்விடுவார். இதனால் அவரைக் கல்நெஞ்சக்காரர் என்றார்கள். உண்மையில் அழுகையைப் பார்த்தால் அவருக்குக் கை நடுங்கும்; கை நடுங்கினால் டேப் சரியாக நிற்காது.

ஏமாற்றுகிறவர்களிடம் அவருக்குக் கோபம் வந்ததில்லை. ஒரு ரசிகனின் மரியாதையே இருந்தது. சுவரில் குவளையால் தண்ணீர் ஊற்றி வைத்திருப்பார்கள். ஊற்றிய தண்ணீர் மேலிருந்து கீழே வழியும், ஊறிய ஈரம் கீழிருந்து மேலே ஏறும் என்று பொறுமையாக விளக்கிவிட்டுச் சுழியம் போடுவார். தலை எண்ணிக்கைக்காகப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை இரவல் வாங்கி வரிசையாக உட்கார வைப்பவர்கள் உண்டு. ஒரு வீட்டில் ஒரு கிழவரையே இரவல் வாங்கியிருந்தார்கள்.

"இந்தப் பெரியவர போன வாரம் மூணாவது தெருவுல பார்த்தேனே?"

"அவருக்கு அங்கயும் ஒரு வீடு சார்."

"ரெண்டு வீடு இருக்கிறவருக்கு எதுக்கு மூணாவது?"

கிழவரே முதலில் சிரித்தாராம்.

பதினான்காவது கட்டத்தில்தான் அவர் நிஜமாகவே கஷ்டப்பட்டார். நோய்க்குப் பதினைந்து புள்ளி. மருத்துவர் சான்று இருந்தால் ஐந்து. மீதிப் பத்து, அந்த நோய் அன்றாடத்தை எவ்வளவு முடக்குகிறது என்று வீட்டார் சொல்வதைப் பொறுத்தது. அம்மா படுத்த படுக்கை என்று மகன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்மா காய்கறிப் பையோடு உள்ளே வருவாள். பார்த்துப் பார்த்துச் சலித்து, மேலதிகாரிக்கு ஒரு குறிப்பு எழுதினார்: நோயாளி தம் வாயால் சொல்ல வேண்டும்; அப்போது குடும்பத்தார் வெளியே நிற்க வேண்டும்; கதவு சாத்தியிருக்க வேண்டும்; சொன்னதைப் படித்துப் பார்த்து நோயாளியே கையெழுத்திட வேண்டும். குறிப்பு அப்படியே விதியாகிவிட்டது. அவர் எழுதியவற்றில் அச்சேறியது அது ஒன்றுதான். பெயர் போடவில்லை. இருந்தாலும் அச்சடித்த தாளில் ஒரு பிரதியை வீட்டு அலமாரியில் வைத்திருந்தார்.

அவருடைய வீடு நான்காம் மாடியில் இருந்தது. லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம். இரண்டு அறை, ஒரு சமையலறை. மகன் வேறு ஊரில் வேலைக்குப் போன பிறகு கணவனும் மனைவியும் மட்டும். அரசாங்க வீடுகளுக்கு ஆள் பொறுக்கியவர் தனக்கொன்று கேட்கவில்லையே என்று ஆச்சரியப்படுவார்கள். ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் ஒரு படிவத்தைத் தன் வீட்டுக்கும் ரகசியமாக நிரப்பிப் பார்ப்பது அவர் வழக்கம். ஒருமுறைகூட நாற்பத்தைந்தைத் தாண்டியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை. தான் நினைத்த அளவு கஷ்டப்படவில்லை என்பதில் கொஞ்சம் ஏமாற்றம்.

அலுவலகத்தில் போடாத புள்ளியை வீட்டில் போடுவார்.

"முதுகு பிடிச்சிருக்குங்க" என்பாள் மனைவி.

"சான்று இல்லாத முதுகு. மூணுகூட வராது."

முதல் பத்து வருடம் அவள் இதற்குச் சிரித்தாள். அடுத்த பத்து வருடம், அவர் சொல்வதற்கு முன்பே "மூணுகூட வராது, தெரியும்" என்று தானே சொல்லிக்கொண்டாள். அதற்குப் பிறகு முதுகைப் பற்றியோ காலைப் பற்றியோ பேச்சே எடுக்கவில்லை. அவளுக்குப் பிரச்சினை ஏதும் மிஞ்சவில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். கல்யாணமான ஆண்கள் பலர் நிம்மதியாக இருப்பது இந்த முறையில்தான்.

மாலையில் அன்றைய வீடுகளைப் பற்றி அவளிடம் சொல்வார். பெயர் சொல்ல மாட்டார்; அளவுகளைத்தான் சொல்வார். தரையெல்லாம் தண்ணீர் நிற்பதால் கட்டிலின் மேல் அடுப்பை வைத்துச் சமைக்கிற பெண், ஒரே படுக்கையில் முறைவைத்துத் தூங்குகிற மூன்று அண்ணன் தம்பிகள். அவள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பாள். "பாவம், எத்தன போட்டீங்க?" என்பதுதான் எப்போதும் அவளுடைய கடைசிக் கேள்வி. அவர் சொல்லும் எண்ணை மனத்தில் குறித்துக்கொள்வதுபோல் தலையாட்டுவாள். எங்கே குறித்துக்கொண்டாள் என்பது அவருக்குப் பின்னால்தான் தெரிந்தது.

கட்டடத்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். கடைக்குப் போய்விட்டு வந்தால் ஒவ்வொரு மாடி முகப்பிலும் நின்று யாரிடமாவது பேசாமல் மேலே வர மாட்டாள். இரண்டாம் மாடித் தையல்காரி கதவு திறந்திருந்தால் பத்து நிமிடம். மூன்றாம் மாடியில் இன்னொரு பத்து நிமிடம். பாலைக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் அது தயிராகிவிடும் என்று டேப்புக்காரர் கிண்டல் செய்வார்.

ஒரு நாள் முற்பகலில் இரண்டாம் மாடி முகப்பில் அவள் விழுந்தாள். தையல்காரிதான் நாற்காலி போட்டு உட்கார வைத்து அலுவலகத்துக்குப் போன் செய்தாள். மருத்துவர் படம் எடுத்துப் பார்த்தார். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருந்தது. பல வருடத்து வேலை. அறுத்துச் சரிசெய்ய உடம்பு தாங்காது. மாத்திரை உண்டு. படி மட்டும் ஏறவே கூடாது என்றார்.

"வீட்டுக்கு அறுபத்தெட்டு படி இருக்கு, டாக்டர்."

"அப்படின்னா அறுபத்தெட்டு தடவ கூடாதுன்னு வெச்சுக்குங்க."

இதைவிடக் கச்சிதமாக யாரும் அவருக்குப் புரியவைத்திருக்க முடியாது. மறுநாளே கீழ்த்தள வீடு கேட்டு விண்ணப்பித்தார். புதிய குடியிருப்பில் கீழ்த்தளங்கள் அந்த வருடம்தான் ஒதுக்கப்படுவதாக இருந்தன. அடுத்த கட்டடத்துக்கு இன்னும் அடிக்கல்கூட நாட்டவில்லை. வாடகைக்குக் கீழ்த்தளம் தேடியும் பார்த்தார். அவர் சம்பளத்துக்குக் கிடைத்த இரண்டும் அவரே முன்பு அளந்து, மனிதர் வசிக்க ஏற்றதல்ல என்று எழுதிய அறைகள்.

ஆக, அறுபது வேண்டும். உட்கார்ந்து கூட்டினார். நான்காம் மாடிக் கழிப்பறை இடிந்துபோய், மூன்றாம் மாடிக்கு இறங்கிப் போகவேண்டியிருந்ததால் இந்த வருடம் நாற்பத்தேழு. அலமாரிக்குப் பின்னால் ஈரம் இருந்தது, இரண்டு. மருத்துவர் சான்று ஐந்து. ஐம்பத்து நான்கு. மீதி ஆறும் பதினான்காவது கட்டத்தின் அந்தப் பத்துப் புள்ளிக்குள் இருந்தன. அதற்கு அவள் வாயைத் திறந்தால் போதும். திறக்காத வாய் என்று அவளை அந்தக் கட்டடத்தில் யாரும் சொல்லமாட்டார்கள்.

ஊழியரின் வீட்டை வேறு கிளைக்காரர்தான் அளக்க வேண்டும். வடக்குக் கிளையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வருவதாக இருந்தது. அன்று காலை அவர் மனைவியிடம் ஏதோ சொல்ல வேண்டும் என்று நினைத்தார். பாடம் படிப்பித்து வைத்த குடும்பங்களை எத்தனையோ பார்த்துச் சிரித்தவர். தன் வீட்டில் அதைச் செய்ய நாக்கு வரவில்லை.

"கேட்டா உள்ளத உள்ளபடி சொல்லு. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

"எனக்குத் தெரியாதா? முப்பது வருஷமா உங்ககூடதான இருக்கேன்?"

அவருக்குத் திருப்தியாக இருந்தது. அதுதான் அவர் செய்த பிழை.

அதிகாரி அம்மாள் பதினோரு மணிக்கு மூச்சிரைக்க மேலே வந்தாள். "சார், படி ஒண்ணொண்ணும் ஒரு கெஜம் உயரம்!" என்றாள். டேப்புக்காரருக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது. உள்ளே போனால் வீடு பளபளவென்று இருந்தது. மூன்று நாளாக அவர் வேலைக்குப் போனபின் அவள் அதைத் தேய்த்திருக்கிறாள். மாத்திரைகளைக் காணோம். மேஜையில் புதுவிரிப்பு, தட்டில் பிஸ்கட். வெளியே போகும்போது உடுத்துவதை உடுத்தி, தலைவாரி, மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்பதுபோல் அவள் சிரித்தாள். ஈரச் சுவரை முழுதாக மறைக்கும்படி அலமாரி நான்கு விரல் நகர்ந்திருந்தது.

டேப்புக்காரர் போய் அலமாரியைத் தள்ளினார்.

"என்னங்க, மானத்த வாங்குறீங்க!"

"ரெண்டு புள்ளி" என்றார் அவர்.

அதிகாரி அம்மாள் அளந்து எழுதினாள். பதின்மூன்று கட்டங்கள் முடிய அரை மணி நேரம். பிறகு சங்கடத்துடன் அவரைப் பார்த்தாள். "பதினாலு, சார். நீங்க கொஞ்சம் வெளிய..."

அவர் வெளியே வந்தார். கதவைத் தானே சாத்தினார்.

முகப்பில் தையல்காரி நின்றிருந்தாள், கழுத்தில் தொங்கும் அளவுநாடாவோடு. உதவிக்குத் தேவைப்படலாம் என்று வந்தாளோ, வேடிக்கை பார்க்க வந்தாளோ, இரண்டுக்குமாகவோ.

"எல்லாம் சொல்லிடுவாங்கல்ல, அண்ணே?"

"என்ன எல்லாம்?"

"இந்த நின்னு நின்னு ஏறுறதத்தான்."

"அது பேச்சுக்காக நிக்கிறது."

தையல்காரி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நானும் அப்படித்தான் நெனச்சேன். ரேடியோன்னு பேரு வெச்சதே நான்தான். ரெண்டு வருஷம் முன்ன ஒரு நாள் சத்தமில்லாம கதவத் திறக்கிறேன், அக்கா சுவத்தப் பிடிச்சிட்டுத் தனியா நிக்கிறாங்க. மூஞ்சி வெளுத்துப் போச்சு. என்னப் பார்த்ததும் வெங்காய விலைய ஆரம்பிச்சாங்க. மூச்சு வர்ற வரைக்கும் வெங்காயம்தான், அண்ணே. அதுக்கப்புறம் நானும் தெரியாத மாதிரி விலை கேட்டுட்டு நிப்பேன்."

"என்கிட்ட யாரும் சொல்லல."

"சொல்ல வேண்டாம்னுட்டாங்க. சொன்னா நீங்க புள்ளி போடுவீங்களாம்."

கதவுக்குள்ளிருந்து கேள்விகள் தெளிவாகக் கேட்டன. பழைய கட்டடம், கதவின் கீழ் இரண்டு விரல் இடைவெளி. அதையும் அவர் அளந்திருக்கிறார்.

"படியேறும்போது மூச்சுக்காக எத்தன இடத்துல நிப்பீங்கம்மா?"

"மூச்சுக்காக நிக்கிறதில்ல. யாராவது பேசினா நிப்பேன்."

"படுத்தா மூச்சு முட்டுமா? தலையணை எத்தன வெச்சுக்குவீங்க?"

"ஒண்ணு."

"வீட்டு வேலையில எதையாவது விட்டிருக்கீங்களா?"

"எத விடுறது? ரெண்டு பேருக்குச் சமைக்கிறதுக்குப் பேரு வேலையா? எனக்கு ஒரு குறையும் இல்லம்மா. நீங்க பிஸ்கட் எடுத்துக்குங்க."

டேப்புக்காரர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். "தலையணை மூணு" என்றார். "அதுல ஒண்ணு என்னோடது. ஒரு வருஷமா நான் கைய மடிச்சு வெச்சுப் படுக்கிறேன்." உயரமாகப் படுக்க அவளுக்கு ஆசை போலும் என்று நினைத்துத்தான் கொடுத்திருந்தார்.

"நீங்க உள்ள வரக் கூடாது" என்றாள் மனைவி. "நீங்க எழுதின விதிதான?"

அதிகாரி அம்மாள் பென்சிலின் பின்பக்கத்தால் படிவத்தைத் தட்டினாள்.

"சார், கண்ணு முன்னாடி தெரியுது. நீங்க சொல்லுங்க, நான் எட்டுப் போடுறேன். அவங்க கையெழுத்து மட்டும் போட்டாப் போதும். இதுல பொய்யே இல்லையே."

முப்பத்தோரு வருடத்தில் அவரிடம் இதே வார்த்தைகளைச் சொல்லாத குடும்பம் அபூர்வம். முடியாது என்ற அவர் பதிலும் மாறியதில்லை.

"போடுங்க" என்றார்.

எட்டு விழுந்தது. தாளை மனைவியின் முன் வைத்தார்கள். அவள் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தாள். விதி சொல்கிறபடி படித்த முதல் நோயாளி அவளாகத்தான் இருப்பாள்.

"எட்டா? யாருக்கு?"

"உனக்குத்தான்."

"எனக்கு மூணுகூட வராதுன்னு நீங்கதான சொல்லுவீங்க?"

குத்திக்காட்டுவதற்காக அவள் சொல்லவில்லை. குத்திக்காட்டியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். தெரியாத கணக்கை வாத்தியாரிடம் கேட்பதுபோல் கேட்டாள்.

"அது விளையாட்டுக்குச் சொன்னது."

"கட்டில்மேல அடுப்பு வெச்சுச் சமைச்சாளே ஒரு பொண்ணு, காசநோய்க்காரி. அவளுக்கு நீங்க பத்துக்கு ஏழுதான் போட்டீங்க. வந்து சொன்னீங்க, எனக்கு ஞாபகம் இருக்கு. அவளுக்கு ஏழு, எனக்கு எட்டா? சுத்தமான வீட்டுல உக்காந்துட்டு?"

"அவளப் பத்திப் பேசாத. கையெழுத்துப் போடு."

"போட்டா, அவ வரிசையில எனக்குப் பின்னாடி நிப்பா."

"அவளுக்கு வீடு கிடைச்சு ஆறு வருஷமாச்சு!"

"அவளுக்குக் கிடைச்சிருக்கும். அவள மாதிரி இன்னொருத்தி இருப்பா இல்ல?"

அவர் கெஞ்சினார். அடுத்த அறையில் யாரும் இல்லாதபோதும் குரலைத் தாழ்த்திக் கெஞ்சினார். உனக்கு வலிக்கிறது என்று ஒரு தடவை சொல், சொன்னால் போதும் என்றார். இப்படி ஒரு வரத்தைப் பெண்டாட்டியிடம் கேட்டு நிற்கிற புருஷன் உலகத்தில் தான் ஒருவன்தான் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். அவள் அவருடைய கையைத் தட்டிக்கொடுத்தாள். "பயந்துட்டீங்க. டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க. எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். பேனாவை எடுக்கவில்லை.

கடைசியில் அதிகாரி அம்மாள் எட்டை அழித்துச் சுழியம் போட்டாள். அதற்குக் கீழே மனைவி கையெழுத்திட்டாள், குண்டு குண்டாக, பள்ளிக்கூடத்தில் போடுவதுபோல்.

ஆறு வாரம் கழித்துப் பட்டியல் வந்தது. மேல்முறையீடு செய்யச் சொன்னார்கள் நண்பர்கள். என்னவென்று செய்வது? விதி சரியாகக் கடைப்பிடிக்கப்பட்டிருந்தது. அறிவிப்புப் பலகையின் முன் நின்று, வீடு கிடைத்த நாற்பத்தொரு பெயர்களையும் படித்தார். அவற்றில் ஒன்பது, அவரே போய் அளந்தவை. எங்காவது ஒரு புள்ளி கூடுதலாகப் போட்டிருக்கிறோமா என்று ஒவ்வொரு வீடாக மனத்துக்குள் நடந்து பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தன. அநியாயம் என்று திட்டுகிற ஆறுதலும் அவருக்கு வாய்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவள் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். இப்போதெல்லாம் அவள் கீழே போவதில்லை. கடைக்கு அவர்தான் போனார்.

"நமக்கு மேல எத்தன பேர்?"

"நாப்பத்தொண்ணு."

"அத்தன பேரா! பாவம்" என்றாள். நல்ல மார்க் வாங்கிய பிள்ளையின் முகம்போல அவள் முகம் தெளிந்துவிட்டது. "பாருங்க, நாப்பத்தொரு குடும்பம் நம்மளவிடக் கஷ்டப்படுது. நாம என்னமோ... சரி, சொல்லுங்க. யாரு அவங்கல்லாம்?"

அவர் சட்டையைக் கழற்றி மாட்டினார்.

"ஒரு அம்மா. கிட்டத்தட்ட உன் வயசு. மேல் மாடியில இருந்தாங்க, நெஞ்சுல கோளாறு. படி ஏறினா உயிர் போற வலி. யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்களாம்."

"ஐயையோ. வீட்டுல ஆள் இல்லையா?"

"புருஷன் இருந்தார்."

"அவர் கவனிக்கலையா?"

"கவனிக்கல."

"என்ன மனுஷனோ!" என்றாள். நிஜமாகவே கோபப்பட்டாள். "எத்தன போட்டீங்க?"

"பத்துக்குப் பத்து."

"சரிதான். அதுக்குக் குறைச்சுப் போட்டிருந்தா நானே உங்களக் கேட்டிருப்பேன். வீடு கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"கீழ்த்தளமா?"

"கீழ்த்தளம்."

"அப்பாடா." அவள் நாற்காலியில் சற்று முன்னால் நகர்ந்தாள். "எப்படி இருக்கு? ஜன்னல் இருக்கா?"

"ரெண்டு இருக்கு. ஒண்ணு கிழக்கப் பார்த்து." முன்னறை நாலு மீட்டர், மூணரை மீட்டர் என்றார். சமையலறையில் மேடை இடுப்பு உயரத்துக்கு இருக்கிறது, குனிய வேண்டாம் என்றார். முப்பத்தோரு வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த அளவுகளில் இவை மட்டும்தான் டேப் படாதவை. ஆனால் எண்களில் அவர் தடுமாறவில்லை.

"கக்கூஸ்?"

"வீட்டுக்குள்ளயே."

"கொடுத்து வெச்சவ" என்றாள் அவள். பிறகு மூன்றாம் மாடிக்கு இறங்குவதற்காக, நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து, செருப்பைத் தேடினாள்.